ஆளுக்கு முப்பது

கொட்டாங்குளத்துக்காரர்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அந்த ஊரில் எனக்குச் சொந்தமும் இல்லை, சொத்தும் இல்லை. அதனால் ஒரு பக்கமும் சாயாமல் சொல்கிறேன்: அவர்களைப் போல உட்கார்ந்து யோசிப்பவர்களை நீங்கள் எங்கேயும் பார்க்க முடியாது. யோசித்து முடித்த பிறகுதான் கொஞ்சம் சிக்கலாகிவிடும்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சமயம் குளம் வற்றிப்போய், குழாயில் வீட்டுக்கு ஏழு குடம் என்று அளந்து விட்டார்கள். ஏழும் வேண்டாத வீட்டுக்காரர் மீதியைப் பக்கத்து வீட்டுக்கு விட்டுக்கொடுக்கலாம். அப்புறம் மழை பெய்தது, குளம் நிறைந்தது, வழக்கம் மட்டும் போகவில்லை. எதை எடுத்தாலும் ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு வைத்தார்கள். சாவு வீட்டில் அழுவதற்குக்கூடப் பங்கு உண்டு. அழுகை வராதவர்கள் தங்கள் பங்கை யாராவது ஒரு அத்தைக்குக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அத்தையும் குறை வைக்காமல் இருவருக்கும் சேர்த்து அழுது முடிப்பாள்.

ஊர் எல்லையில் 50 என்று ஒரு பலகை ரொம்ப நாளாக நின்றது. அதை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. கடைவீதியில் வண்டிகள் தறிகெட்டுப் போகின்றன என்று மேலிடத்தில் முடிவெடுத்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு பேர் வந்து அதைக் கழற்றிவிட்டு, சிவப்பு வட்டத்துக்குள் 30 என்று மாட்டிவிட்டுப் போனார்கள். சாயந்திரத்துக்குள் ஊர் கொதித்துவிட்டது.

"நேத்து வரைக்கும் ஆளுக்கு அம்பது. இன்னைக்கு முப்பது. மீதி இருவது எங்க போச்சு?" என்று முதலில் கேட்டவர் டெய்லர் பட்டமுத்து. அவருக்கு வண்டி கிடையாது. கடைக்குப் பின்னாலேயே வீடு. ஒரு நாளைக்கு இருபது எட்டு நடந்தால் அதிகம். இருந்தாலும் உரிமை உரிமைதானே.

கூட்டம் நேராகப் பேரூராட்சித் தலைவர் செல்லையா வீட்டுக்குப் போனது.

"அண்ணாச்சி, எங்க இருவதை நீங்கதான் எடுத்து வச்சிருக்கீயன்னு ஊரே பேசுது" என்றார் பட்டமுத்து.

செல்லையாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எடுத்திருந்தா நான் எதுக்குவே இன்னும் மொபெட்ல தள்ளாடிக்கிட்டுப் போறேன்? வாங்க, வந்து தேடிப் பாருங்க" என்று பீரோவைத் திறந்து காட்டினார். தேடினார்கள். ஆறு வேட்டியும் எரியாத டார்ச் லைட்டும் இருந்தன. இருபது இல்லை. சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு வந்தார்கள்.

மறுநாள் பஸ் ஸ்டாப்பில் ஊர்க்கூட்டம். முப்பதை ஏற்றுக்கொள்வது, ஆனால் உபயோகிக்காதவர்கள் தங்கள் முப்பதை வேண்டியவர்களுக்குக் கொடுக்கலாம் என்று தீர்மானம் ஆனது. பட்டமுத்து அங்கேயே தாராள மனசோடு எழுந்து, தன் முப்பதைப் பால்காரர் வேலாண்டிக்குக் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

மூன்றாம் நாள் வேலாண்டியை எஸ்.ஐ. தேவசகாயம் கடைவீதியில் மறித்தார். அவர் வெளியூர்க்காரர், வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் வேகம் அளக்கும் கருவி இருந்தது.

"அம்பத்தஞ்சு காட்டுதுய்யா. போர்டைப் பார்க்கலையா?"

"பாத்தேன் ஐயா. இதுல முப்பது என்னோடது. மீதி இருபத்தஞ்சு டெய்லர் பட்டமுத்துவோடது. அவருதுல இன்னும் அஞ்சு பாக்கி இருக்கு, அதை நான் தொடலை."

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "அப்படியா? அப்ப இனிமே அவரையும் பின்னாடி உட்கார வச்சுக் கூட்டிட்டு வா" என்று எரிச்சலில் சொல்லிவிட்டார்.

பாவம், அவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. வேகத்தைக் கொடுத்தவர் வண்டியில் கூடவே இருக்க வேண்டும், இது போலீஸ் உத்தரவு என்று அரை மணி நேரத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்த நாளிலிருந்து பட்டமுத்து பால் வண்டியில் பின்னால் உட்கார்ந்து சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே ஊரைச் சுற்றினார். பல்வலிக்காரர் ஒருவர் சீக்கிரம் ஆஸ்பத்திரி போக வேண்டும் என்று ஸ்கூட்டரில் நாலு பேரை ஏற்றினார். அவரோடு சேர்த்துக் கையில் நூற்றைம்பது இருந்தும், நடந்து போகிறவர்களுக்குப் பின்னால்தான் அவரால் போக முடிந்தது. நடந்து போனவர்கள் எல்லாம் அவர் வேகத்தைப் பார்த்துப் பயந்து ஒதுங்கி வழிவிட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் ஆவுடையப்பனுக்குக் கல்யாணம் கூடி வந்தது. நாற்பத்தொரு வயது. ஆள் நல்ல ஆள், பம்ப் செட் மெக்கானிக். பதினேழு இடத்தில் பெண் பார்த்து, பதினேழு இடத்திலும் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வந்தவன். பதினெட்டாவது இடம் மேலப்புதூர். பெண் பொன்னுக்கிளி அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து அவன் அதே ஞாபகமாக இருந்தான். ஒரு மோட்டாரைத் தலைகீழாகப் பூட்டி, கிணற்றுக்குள் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான் என்றும் சொல்கிறார்கள்.

ஆனால் பெண்ணின் அப்பா நெல்லைநாயகம் மேலப்புதூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். முப்பது வருஷமாக ஒவ்வொரு பஸ்ஸுக்கும் விசில் ஊதி அனுப்பியவர். அவர் சீர் கேட்கவில்லை, ஜாதகம் கேட்கவில்லை. "முகூர்த்தம் ஒம்பதரையில இருந்து பத்தரை. பத்து முப்பத்தொண்ணுக்கு மாப்பிள்ளை வந்தா, வந்த வழியே திரும்பிப் போயிரணும்" என்று மட்டும் சொன்னார். இதுவும் போனால் பத்தொன்பதாவது பஜ்ஜி சாப்பிட ஆவுடையப்பனுக்குத் தெம்பு இல்லை.

கல்யாணத்தன்று வேட்டி கட்டுவதற்கு ஆறு பேர் யோசனை சொன்னதில் ஒன்பதே கால் ஆகிவிட்டது. மேலப்புதூர் பதினாறு கிலோமீட்டர். வேன் டிரைவர் மாசானம் வண்டியை எல்லைப் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்தினான்.

"நானும் மாப்பிள்ளையும் சேந்து அறுவதுதான் இருக்கு. பத்தாது. யாராவது ரெண்டு பேரு ஏறுங்கப்பா" என்றான்.

ஆவுடையப்பனின் கல்யாணம் ஆச்சே! ரெண்டு பேர் போதும் என்றால் மூன்றாவது ஆள் சும்மா இருப்பானா? டிரைவரோடும் மாப்பிள்ளையோடும் சேர்த்து இருபத்துநாலு பேர் ஏறினார்கள். மூன்று பேர் மடியில் மூன்று பேர், அவர்கள் மடியில் தேங்காய்க் கூடை.

பட்டமுத்து விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "எழுநூத்தி இருவது!"

மாசானம் வெலவெலத்துப் போனான். "அண்ணாச்சி, என் வண்டி மீட்டர்ல நூத்தி நாப்பதுக்கு மேல நம்பரே கிடையாது. மீதி வேகத்தை எங்க வைக்க? மீட்டர் வெடிச்சிருமே. யாராவது இறங்கணும்."

யோசிக்க ஆரம்பித்தார்கள். மணி ஒன்பதரை.

"நான் இறங்க முடியாது. தாம்பூலத் தட்டு என் கையில இருக்கு" என்றார் செல்லையா.

"மாப்பிள்ளை சட்டை தையல் விட்டா யாரு தைக்க?" என்றார் பட்டமுத்து.

"பந்தியில பாயாசம் இந்தப் பக்கம் வரலைன்னு நாந்தானே சத்தம் போடணும்" என்றான் வேலாண்டி.

இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு இருந்தது. ஒருவர் முறைத்துக்கொண்டு போகவேண்டிய தாய்மாமன். அவரை விட்டுவிட்டுப் போனால் அவர் உண்மையிலேயே முறைத்துக்கொள்வார். கடைசியில் எல்லோரும் ஆவுடையப்பனைப் பார்த்தார்கள்.

"அவனுக்குத்தான் அங்க ஒரு வேலையும் இல்ல. போனா மணையில சும்மா உக்காந்துதானே இருக்கப்போறான்" என்றார் செல்லையா.

"நியாயந்தான்" என்றது வண்டி முழுவதும்.

ஆவுடையப்பனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இறங்கினான். எழுநூற்று இருபதில் முப்பது குறைந்ததும் மாசானத்துக்கு உயிர் வந்தது. வேன் உறுமிக்கொண்டு புறப்பட்டது. அது தெருமுனை திரும்புவதற்குள்ளேயே ஆவுடையப்பனுக்குப் பொன்னுக்கிளியின் சிரிப்பு ஞாபகம் வந்து, பலகைக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான்.

அந்த வழியாக மோட்டார் சைக்கிளில் வந்த எஸ்.ஐ. தேவசகாயம், மாலையும் கழுத்துமாக ஒருவன் கம்பத்தோடு அழுவதைப் பார்த்து நிறுத்தினார். விவரம் கேட்டார். பாதிக்கு மேல் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. "ஏறு" என்றார்.

முப்பதிலேயே, ஒரு தடவைகூடப் பதறாமல், போய்ச் சேர்ந்தார்கள். மண்டபத்து வாசலில் நெல்லைநாயகம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மணி பத்து ஏழு. பழக்க தோஷத்தில் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து ஒரு ஊது ஊதி மாப்பிள்ளையை உள்ளே விட்டார். பத்தே காலுக்குத் தாலி ஏறியது. அட்சதை போட மாப்பிள்ளை பக்கம் எஸ்.ஐ. ஒருவர்தான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று கேள்வி.

வேன் என்ன ஆச்சு என்றால், வாய்க்கால் பாலத்து மேட்டில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. "இறங்கித் தள்ளுங்க" என்று யாரோ சொன்னதற்கு மாசானம் பாய்ந்தான். "இறங்கினா உங்க வேகமும் உங்களோட இறங்கிரும். உள்ள இருந்தே தள்ளுங்க!" அப்படியே, அவரவர் முன் சீட்டை முக்கி முக்கித் தள்ளினார்கள். வேர்த்து ஒழுகியது, வண்டி அசையவில்லை. களைத்துப்போய் எட்டுப் பேர் காற்று வாங்கக் கீழே இறங்கி முன்னால் நடந்தபோது வண்டி தானாகவே மேடு ஏறியது. உள்ளே தள்ளியவர்கள் அதைத் தங்கள் சாமர்த்தியம் என்று இன்றுவரை சொல்கிறார்கள்.

பதினொன்றே காலுக்கு மண்டபத்துக்குள் நுழைந்தால், மணமேடையில் ஆவுடையப்பன் பொன்னுக்கிளியோடு உட்கார்ந்திருந்தான்.

"நீ எப்பிடில வந்த?" என்றான் மாசானம்.

"எஸ்.ஐ. ஐயா கூட. முள்ளு முப்பதுலதான் நின்னுச்சு."

பாயாசம் வராததைக்கூட வேலாண்டி கவனிக்கவில்லை. பட்டமுத்து மெதுவாக ஆரம்பித்தார். "நாம அறுநூத்தித் தொண்ணூறுல வந்தோம், பதினொண்ணே கால் ஆச்சு. இவன் முப்பதுல வந்தான், பத்தேழுக்கே வந்துட்டான். அப்ப எது வேகம்?"

"முப்பது!"

"அப்ப பதினஞ்சு?"

"இன்னும் வேகம்!"

செல்லையா தாம்பூலத் தட்டைக் கீழே வைத்தார். "சைபர்னு போட்டுட்டா?"

"கிளம்பவே வேண்டாம். ஏற்கெனவே போய்ச் சேந்திருப்போம்" என்றார் பட்டமுத்து.

முப்பது வேண்டாம் என்று கொதித்த அதே ஊர், அன்று மாலையே அதுவும் அதிகம் என்று கோஷம் போட்டது. செல்லையா ஏணி வைத்து ஏறி, மூன்றை மட்டும் அழித்தார். மறுநாள் எஸ்.ஐ. தேவசகாயம் பலகையைப் பார்த்தார், பத்து நாள் மெடிக்கல் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் மறுவீடு. பன்னிரண்டு மணிக்கு இலை போடுவோம் என்று நெல்லைநாயகம் சொல்லி அனுப்பியிருந்தார். முகூர்த்தத்துக்கு வந்தது குருட்டு அதிர்ஷ்டமா, இல்லை மாப்பிள்ளை நிஜமாகவே நேரம் தவறாதவரா என்று அவர் பார்க்க நினைப்பதாகப் பொன்னுக்கிளி வேறு சொல்லிவிட்டாள். ஆவுடையப்பன் விடிந்ததிலிருந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு நிமிஷமும் பிந்தாது" என்று மாசானம் தைரியம் சொன்னான். ஆவுடையப்பன் வீட்டு வாசலில் வேனை நிறுத்தி, பொன்னுக்கிளியோடு எல்லோரையும் ஏற்றி, கதவை அடைத்து, இஞ்சினை அணைத்தான்.

பொன்னுக்கிளி கொஞ்ச நேரம் பார்த்தாள். "வண்டி நகரவே இல்லையே?"

"அவ்வளவு வேகம் தாயீ. தெரியாது" என்றார் செல்லையா.

அவள் டைம் கீப்பர் மகள். "நான் முன்னால போய் இலை போடச் சொல்லுதேன்" என்று இறங்கி டவுன் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாள். பஸ்ஸில் ஆடி அசைந்து எப்போது போய்ச் சேர்வாளோ என்று எல்லோரும் அவளுக்காகப் பரிதாபப்பட்டார்கள்.

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு மாசானம் கதவைத் திறந்தான். "இறங்குங்க, மேலப்புதூர் வந்தாச்சு."

இறங்கிப் பார்த்து அசந்துபோனார்கள். "சம்பந்தி வீட்டையும் நம்ம ஆவுடையப்பன் வீடு மாதிரியே கட்டியிருக்காங்களே! அதே பச்சைக் கதவு!" ஆவுடையப்பன் வேட்டியை இறக்கிவிட்டு, பயபக்தியோடு கதவைத் தட்டினான். அவனுடைய அம்மா மூக்கம்மாள், அடுப்பு வேலையாக வீட்டில் இருந்தவள், வந்து திறந்தாள்.

"மூக்கம்மா மைனி! நீங்க எப்ப மேலப்புதூர் வந்தீய?" என்றார் பட்டமுத்து.

"இது மேலப்புதூரா?" என்றாள் அவள்.

"ஆமா. சைபர் போட்டாச்சுல்லா. பொண்ணோட அம்மா வீடு."

மூக்கம்மாள் ஒரு நிமிஷம் நின்று யோசித்தாள். "கதவைத் திறந்தது நாந்தானே. அப்ப பொண்ணோட அம்மா நாந்தானா?"

இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. உடனே அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாங்க மாப்பிள்ளை, வாங்க" என்று அழைத்தாள். ஆவுடையப்பன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "அத்தை, மணி சரியா பன்னெண்டு. பிந்தலைல்லா?"

அவள் அவன் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் செய்தாள். கண் கலங்கிவிட்டது. உள்ளே போய் இருந்த சோற்றையும் ரசத்தையும் எடுத்து வந்து, அவனுக்கு முதல் இலை போட்டு, அவன் சாப்பிடுகிற அழகைக் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே செல்லையாவிடம் சொன்னாள்:

"தங்கமான மாப்பிள்ளை. நேரம் தவறாத புள்ள. பெத்தவ நல்லா வளத்திருக்கா. அந்த மகராசியை ஒரு நா இங்க கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி, நான் கண்ணால பாக்கணும்."