வாய் திறக்காத அத்தை

"டீச்சர், பிள்ளையள் என் கையைவிட்டுப் போயிரும் போல இருக்கு" என்று சொல்லிக்கொண்டே படியேறினாள் பியூலா.

ஞானதீபம் டீச்சர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். ஞாயிறுதோறும் சர்ச்சில் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொன்னவர். பியூலாவும் அங்கே படித்தவள்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடப் படிப்பு நின்றுபோனது. டீச்சரிடம் பாடம் கேட்பது மட்டும் நாற்பத்தைந்து வயதாகியும் நிற்கவில்லை.

"எந்தப் பிள்ளையள்?"

"என் தம்பி பிள்ளையள். அகிலும் நித்திலாவும். லீவுக்குப் பெங்களூர்ல இருந்து வந்திருக்குல்லா?"

"என்ன சேட்டை பண்ணுது?"

"சேட்டை பண்ணினாக்கூடப் பரவாயில்லை. ஜெபத்துக்குக் கூப்பிட்டா அவனுக்கு வயிறு வலிக்கி. அவளுக்குத் தூக்கம் வருது."

"எப்போ கூப்பிடுத?"

"விடிய அஞ்சு மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை."

"ம்."

"பைபிள் வசனம் சொன்னாத்தான் தோசைன்னு வச்சேன். அந்தப் பய என்ன பண்ணுதான் தெரியுமா? இருக்கிறதிலேயே சின்ன வசனம், 'இயேசு கண்ணீர் விட்டார்', மூணே வார்த்தை. தினமும் அதையே சொல்லிட்டுத் தோசையைப் பிடுங்குதான்."

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். "கெட்டிக்காரப் பய!"

"சிரிக்காதீங்க டீச்சர். நேத்து அப்பனுக்குப் போனைப் போட்டு, உடனே வந்து கூட்டிட்டுப் போங்கன்னு அழுதிருக்கான். தம்பி என்னைப் பிடிச்சு ஏசிட்டான். 'அக்கா, இப்படின்னா அடுத்த லீவுக்குப் பிள்ளைகளை அனுப்ப மாட்டேன்'ங்கான். அவனே கோயில் பக்கம் போறதில்லை. நானும் சொல்லாட்டா அதுகளுக்கு ஆண்டவரை யாரு சொல்லுவா? ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போயிருவான்."

பியூலாவுக்குப் பிள்ளை இல்லை. அந்த இரண்டும்தான் எல்லாம்.

டீச்சர் எழுந்து உள்ளே போனார். ஒரு பெரிய பனங்கற்கண்டைக் கொண்டுவந்து அவள் வாயில் போட்டார்.

"கடிக்காதே. பேசாதே."

பியூலா பேசாமல் இருந்தாள். பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம்! கண்ணாலேயே மூன்று கேள்வி கேட்டாள். டீச்சர் கீரையைத்தான் பார்த்தார்.

கற்கண்டு கரைந்து முடிந்தது.

"இனிச்சுதா?"

"இனிச்சுது."

"ஞாயித்துக்கிழமை வரை பிள்ளையள்கிட்ட ஆண்டவர் பேரை எடுக்காதே."

"டீச்சர்!"

"உன் ஜெபத்தை நீ பண்ணு. அதுகளைக் கூப்பிடாதே."

"ஓய்வுநாள் பள்ளி டீச்சர் பேசுத பேச்சா இது?"

"கீரை கொஞ்சம் கொண்டு போ" என்றார் டீச்சர்.

*

அன்று சாயங்காலம் அவள் யாரையும் ஜெபத்துக்குக் கூப்பிடவில்லை.

நித்திலா வந்து அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "அத்தைக்கு ஜுரம் இல்லையே அண்ணா."

"ஷ்ஷ்! ஞாபகப்படுத்தாதே" என்றான் அகில்.

மறுநாள் காலை வசனம் கேட்காமலே தட்டில் தோசை விழுந்தது. அகில் சந்தேகத்தோடு தோசையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தின்றான்.

பியூலா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒரு நாள் போய்விட்டதே!

உலை கொதித்தது. உழக்கில் அரிசியை அளந்து முறத்தில் போட்டாள். அதிலிருந்து ஒரு பிடி எடுத்தாள். உதடு அசைந்தது. பிடியை மூலையில் இருந்த தகர டப்பாவில் போட்டு மூடினாள். கலியாணமாகி வந்த நாள்முதல் கை தானாகச் செய்கிற வேலை.

"அதிகமா அளந்துட்டீங்களா அத்தை?"

வாசற்படியில் அகில்.

"இல்லை."

"அப்போ ஏன் திரும்ப எடுத்தீங்க?"

பியூலா வாயைத் திறந்தாள். மூடினாள். அடுப்பை அணைத்தாள்.

"இங்கேயே இரு!"

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் ஓடினாள். எதிரே வந்த பால்காரர் "யாருக்கு என்னாச்சு?" என்று கத்தினார். அவள் நிற்கவில்லை.

"டீச்சர்! கேட்டுட்டான்!"

"யாரு?"

"அகில்! நான் ஒண்ணும் சொல்லலை, அவனாத்தான் கேட்டான்! பிடியரிசி எதுக்குன்னு! இப்போ சொல்லலாம்லா?"

"என்ன சொல்லப் போற?"

பியூலா மூச்சு வாங்கினாள். "ஆதியில இருந்து ஆரம்பிச்சு..."

"உலை ஆறிரும்" என்றார் டீச்சர். "டப்பா நிறைஞ்சிருக்கா?"

"நிறைஞ்சிருக்கு. கோயில்ல கொண்டு கொட்டணும்."

"இந்தத் தடவை நம்ம கோயில் பிடியரிசி எந்த வீட்டுக்கு?"

"வேலம்மா வீட்டுக்கு. அவ புருஷன் பனையில இருந்து விழுந்து கிடக்காருல்லா."

"உன் டப்பாவைப் பிள்ளையள் கையிலேயே கொடுத்து நேரே அங்கே அனுப்பு."

"அப்போ சொல்ல வேண்டியதை?"

"அது எங்கே ஓடப் போகுது?"

*

"அவங்க நமக்குச் சொந்தமா அத்தை?" டப்பாவை வாங்கிக்கொண்டே கேட்டான் அகில்.

"இல்லை."

"உங்க கோயிலா?"

"இல்லை. அவங்க அம்மன் கோயிலுக்குப் போறவங்க."

"பின்னே நாம ஏன் கொடுக்கணும்?"

பியூலா பல்லைக் கடித்துக்கொண்டாள். "நித்திலாவையும் கூட்டிட்டுப் போயிட்டு வா. பேச்சுக் கொடுத்தேன்னா எனக்குக் கோட்டி பிடிச்சிரும்."

போனவர்கள் வரக் காணோம். பியூலா வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள். நாய் கடித்திருக்குமோ? வழி தவறியிருக்குமோ?

தெருமுனையில் இரண்டு தலை தெரிந்தது. இரண்டும் ஓடி வந்தன.

"அத்தை! அந்த மாமாவால எழுந்திருக்கவே முடியல! ஆனா ஜோக்கா சொல்றாரு!"

"அத்தை, நான் சொல்றேன்! அவங்க அடுப்புல வெறும் தண்ணிதான் கொதிச்சுது. நம்ம அரிசியைத்தான் போட்டாங்க!"

"நான்தான் அரிசி களைஞ்சேன்!"

"பாதியைக் கீழே கொட்டிட்டா அத்தை!"

"பொய்! கொஞ்சம்தான்!"

நம்ம அரிசி. பியூலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் உழக்கை எடுக்கும் முன்னே இரண்டும் அடுப்படியில் நின்றன.

"நான்தான் பிடி போடுவேன்!"

"உன் கை சின்னது. தள்ளு!"

"ரெண்டு கையால போடுவேன்!"

"ஏல, எல்லாத்தையும் டப்பாவுல கொட்டிட்டா நமக்கு?" என்று பதறினாள் பியூலா.

"நான் ஒரு கை குறைச்சுச் சாப்பிட்டுக்கறேன்" என்றான் அகில். தோசைக்குச் சண்டை போட்ட அதே பயல்.

நித்திலா தன் பிடியைப் போடுமுன் நின்றாள். கண்ணை மூடினாள். அவள் உதடும் அசைந்தது.

'என்னட்டி சொன்ன?' என்று கேட்கத் துடித்தாள் பியூலா. கேட்கவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் டீச்சரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள் பியூலா. இன்றோடு டீச்சர் போட்ட கட்டு முடிகிறது. சொல்ல வேண்டியதையெல்லாம் ராத்திரி முழுக்க மனசுக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள்.

தம்பி செல்சன் வந்து இறங்கியிருந்தான். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "எங்கே பிள்ளைக? பெட்டியைக் கட்டியாச்சா?" என்றான்.

"அப்பா, இன்னும் ரெண்டு நாள்!" நித்திலா அவன் காலைக் கட்டிக்கொண்டாள். "வேலம்மா அத்தை வீட்டுக்கு இனிமே யாருப்பா அரிசி கொண்டுபோவா?"

"யாரு வேலம்மா?"

இரண்டும் ஒரே நேரத்தில் சொல்லின. செல்சனுக்குப் பாதிதான் புரிந்தது. அக்காவைப் பார்த்தான். டப்பாவைப் பார்த்தான். முகத்தின் இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்தது.

"அடுத்த லீவு முழுக்க இங்கேதான்" என்று முடித்தான் அகில்.

"சரிடா. முதல்ல சாப்பிடுவோம்."

எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

டீச்சர் தலையாட்டினார். "பியூலா, இப்போ சொல்லு."

பியூலா தொண்டையைச் செருமினாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அதற்குள் அகில் முந்திக்கொண்டான்.

"அத்தை, நீங்க பதிலே சொல்லலை. நமக்குச் சொந்தம் இல்லை. உங்க கோயில் இல்லை. பின்னே யார் சொல்லி அவங்களுக்குக் கொடுக்கறீங்க?"

செல்சனும் நிமிர்ந்து பார்த்தான்.

அடுக்கி வைத்ததெல்லாம் அவளுக்கு ஒரே நொடியில் மறந்துபோனது. ஒரு பேர்தான் மிஞ்சியது.

"இயேசு சாமி" என்றாள்.

"அவரா!" அகிலின் கண் விரிந்தது. "இதை வந்த அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல அத்தை?"