வடிகட்டியில் நின்றது

இந்தச் சம்பவத்தைப் பல வருடங்களாக நான் முழுசாக நம்பியதில்லை. சொன்னவர் வைத்தியலிங்கம் அண்ணன். பொய் சொல்கிற ஆள் இல்லை. அதனால்தான் சந்தேகம் இன்னும் உறுத்தியது.

அணுக்கழிவு நீரைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, கட்டியாக்குகிற ஆலையில் அவருக்கு வேலை. ஐம்பது வயதுக்கு மேல் அங்கே மாற்றலாகி வந்தவர். தொழிலைக் கற்றுக்கொடுத்தது பௌசியா மேடம். அண்ணனைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.

உருக்கும்போது கழிவிலுள்ள ருத்தேனியம் என்ற கதிர்வீச்சு உலோகம் ஆவியாகக் கிளம்பும். அதை அடக்கச் சர்க்கரை சேர்ப்பார்கள். கூடிப்போனால் நுரை பொங்கும். முந்தைய வாரம் பொங்கியிருந்தது. அந்தப் பயத்தில் அன்று காலை அண்ணன் சர்க்கரையைக் குறைத்துவிட்டார்.

கிளம்பிய ஆவி, புகைபோக்கிக்கு முன்னாலுள்ள வடிகட்டியில் போய்ப் படிந்தது. அதன் பக்கத்திலிருந்த கதிர்வீச்சு மீட்டர் மூன்று மடங்கு ஏறியது. புகைபோக்கி மீட்டர் அசையவில்லை. அண்ணன் பதிவேட்டில் எதுவும் எழுதாமல் கேன்டீனுக்குப் போனார்.

அங்கே ஃபிட்டர் சூசைராஜ் தம்ளரைக் கவிழ்த்துவிட்டு எழுந்தார்.

"என்ன சார், கழிவுக்கு மூட்டை மூட்டையா கொட்டுறீங்க. நம்ம டீயில மட்டும் சர்க்கரையைக் காணோம்?"

"எங்கே கிளம்பிட்டே?"

"வடிகட்டி மாத்தணுமே. பத்து நிமிஷம் நிக்க அனுமதி கொடுத்திருக்காங்க."

அது மீட்டர் ஏறுவதற்கு முன், விடியற்காலையில் கதிர்வீச்சை அளந்து கொடுத்த அனுமதி. அவர் போய்விட்டார்.

மேடம் எதிரே வந்து உட்கார்ந்தார். அண்ணன் சொன்னார்.

"மேடம், இன்னைக்குச் சர்க்கரை குறைஞ்சுபோச்சு. ஆனா ஆலைக்கு வெளியே ஒண்ணும் போகலை. எழுதணுமா?"

 மேடம் தன் டீத் தம்ளர் மேல் தட்டைக் கவிழ்த்து மூடினார்.  சற்று நேரம் கழித்துத் தட்டை எடுத்துத் திருப்பிக் காட்டினார். உள்பக்கமெல்லாம் நீர் முத்து முத்தாக நின்றது.

"வெளியே போச்சா சார்?"

"இல்லை மேடம். தட்டிலேயே நின்னுடுச்சு."

"தட்டைக் கழுவுறது யாரு?"

அண்ணன் எழுந்துவிட்டார்.

எப்போது சொன்னாலும் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார். எழுந்தேன் என்பார். வடிகட்டி அறைக்குப் போய்ச் சேர்ந்ததைச் சொன்னதில்லை. தட்டு மூடியிருந்த நேரம் ஒரு தடவை ஒரு நிமிஷமாக இருக்கும், இன்னொரு தடவை ஐந்தாக இருக்கும். நானும் கேட்காமலே இருந்தேன். நாலு பேரிடம் இதைச் சொல்லிப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன். கேட்டால் நல்ல கதை ஒன்று கெட்டுப்போகுமே என்று பயந்திருக்கலாம்.

போன மாதம் கேட்டுவிட்டேன்.

"அண்ணே, நீங்க போய்ச் சேர்ந்தப்போ சூசைராஜ் அந்த அறைக் கதவுக்கு வெளியேதான் நின்னாரா, இல்லை உள்ளே போயிட்டாரா?"