வெறுந்தறிச் சத்தம்

பாவடித் தெருவில் இக்கதையைச் சொல்பவர்கள் இதில் வரும் பிள்ளையை மகள் என்கிறார்கள். ஆற்றுக்கு அக்கரையில் மகன் என்கிறார்கள். குருவைப் பழுத்த கிழவராக்கிச் சொல்வோரும் உண்டு. சொல்வழிகளுள் மூத்ததாகத் தோன்றும் ஒன்றில் குருவுக்கு வயது முப்பது, சீடருக்கு ஐம்பது. இங்கு அதுவே பின்பற்றப்படுகிறது.

நெசவாளர் தெருவின் நடுவே, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை விரித்துக் கஞ்சி தோய்த்து உலர்த்தும் வெளிக்குப் பாவடி என்று பெயர். அதன் கோடியில் ஒரு சிறு மடம். மடத்தில் ஈசான தேசிகர் இருந்தார். நாலு வீடு தள்ளித் தாண்டவன் குடியிருந்தார். பதினொரு ஆண்டுகளாக நாள்தோறும் மாலையில் வந்து மடத்து முற்றத்தைப் பெருக்கிவிட்டு, குருவின் எதிரே சிறிது நேரம் அமர்ந்திருப்பது அவர் வழக்கம்.

பங்குனி மாதத்தில் ஒரு மாலை அவர் பெருக்கவில்லை. துடைப்பத்தைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"சாமி, மனசை அடக்க ஒரு மந்திரம் வேணுமுங்க."

"யார் மனத்தை?"

தாண்டவன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"என் மகளுக்குங்க."

"தெய்வானை தன் அத்தை வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னீர்களே."

"போகலைங்க சாமி. உள்ளேதான் இருக்கா."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். மகளுக்குப் பதினைந்து வயது. தை மாதத்திலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டதற்கு ஒரு சொல், கேட்காததற்கு அதுவும் இல்லை. ஒரு நாள் விடியலில் கிணற்றுமேட்டில் நின்றாள். தகப்பன்தான் கண்டு அழைத்து வந்தார். அன்றுமுதல் தாய் நல்லாயி தன் சேலை முந்தியை மகளின் மணிக்கட்டில் முடிந்துகொண்டு தூங்குகிறாள்.

"யாருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாதுங்க. தெரியாம வெச்சிருக்கோம்."

"எப்படி?"

அந்தத் தெருவில் ஒரு வீட்டுத் தறி ஒரு நாள் முழுதும் ஓயுமானால், மறுநாள் காலையில் நாலு பேர் வந்து என்னவென்று விசாரிப்பார்கள். அது ஊர் வழக்கம். தாண்டவன் வீட்டில் பாவு தீர்ந்து ஒரு மாதமாகிறது. புதுப் பாவு போட ஆள் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் வருவார்கள், வந்தால் கேட்பார்கள். ஆகவே நூல் கட்டோடு கிடந்தது. நெய்யவும் மனம் கூடவில்லை. மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, நல்லாயி பகல் முழுதும் தறிக்குழியில் இறங்கி இழையை நெருக்கும் பலகையை வெறுமனே இழுத்து இழுத்து அடித்தாள்.

"நூல் இல்லாமலா?"

"நூல் இல்லாமத்தானுங்க. சத்தம் இருந்தாப் போதுமே."

குரு எழுந்து வந்து பாவடியைப் பார்த்தார்.

"நாளைக் காலையில் பாவு போடுவோம்" என்றார்.

"ஆளுங்க வேணுமே சாமி."

"யாரையும் கூப்பிட வேண்டாம். நானும் நீங்களும்."

"பத்துப் பேர் செய்யற வேலைங்க."

"பார்க்கலாம்."

விடிந்தும் விடியாத பொழுதில் இருவரும் பாவடியில் நூலை விரித்தார்கள். ஒரு கோடியைத் தாண்டவன் முளையில் கட்டினார். மறு கோடியைக் குரு இழுத்துப் பிடித்தார். அறுபது முழ நூல் நடுவில் தொய்ந்து மண்ணைத் தொட்டது. தாண்டவன் ஓடிப்போய்த் தூக்கினார், கோடி தளர்ந்தது. கோடிக்கு ஓடினார், நடுப்பகுதி மறுபடியும் மண்ணில் விழுந்தது. குரு ஒரு கையால் நூலைப் பிடித்தபடி மறு கையால் கஞ்சியை அள்ளித் தடவினார். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கிழக்கு வெளுத்துக்கொண்டு வந்தது. வெயில் விழுந்தால் கஞ்சி இறுகிப் பாவு முழுவதும் பாழாகும்.

தாண்டவன் வீட்டிலிருந்து தறியடிக்கும் சத்தம் கேட்கத் தொடங்கியது.

எதிர்வீட்டுச் செங்கோடன் வேப்பங்குச்சியோடு வெளியே வந்து நின்று பார்த்தார்.

"என்ன மச்சான், நம்ம தெருவுல ஆளுக்கா பஞ்சம்? சாமி பூசற லட்சணத்தைப் பாரு, திருநீறு பூசற மாதிரி பூசறாரு."

"எனக்குத் தெரிந்தது அதுதான்" என்றார் குரு.

செங்கோடன் குச்சியை எறிந்துவிட்டு நடுப்பகுதியைத் தூக்கிப் பிடித்தார். பக்கத்து வீட்டு அங்காயி கஞ்சிச் சட்டியைக் குருவின் கையிலிருந்து பிடுங்கினாள். பின்னும் சிலர் வந்தார்கள். யாரும் யாரையும் அழைக்கவில்லை. சற்று நேரத்தில் பாவு நேராக நின்றது.

தாண்டவன் தலை நிமிரவில்லை. எந்த நேரமும் கேட்டுவிடுவார்கள் என்று காத்திருந்தார். ஒருவரும் கேட்கவில்லை. அறுந்த இழைகளைத் தேடித் தேடி முடிந்தார்கள். தறிச் சத்தம் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது.

அங்காயிதான் பொறுக்காமல் குரல் கொடுத்தாள்.

"நல்லாயி, அந்த வெறுந்தறிய நிறுத்திட்டு வெளிய வா. கேக்கக் கேக்க எங்க கையெல்லாம் வலிக்குது."

சத்தம் நின்றது.

தாண்டவன் கையிலிருந்த நூலை விட்டார். "வெறுந்தறின்னு உனக்கு யாரு சொன்னா?"

"யாராச்சும் சொல்லணுமாண்ணா? நூல்மேல பலகை விழுற சத்தம் வேற, மரத்து மேல மரம் விழுற சத்தம் வேற. இந்தத் தெருவுல தொட்டில் புள்ளைக்கும் தெரியும்."

"எப்பத்துல இருந்து?"

"மொத நாளே" என்றார் செங்கோடன்.

"ஒருத்தராவது கேட்டிருக்கலாமே, மாப்பிள்ளை."

"எப்படிக் கேக்கறது? கேக்காதீங்கன்னு சொல்லத்தானே நீங்க அடிச்சீங்க."

தாண்டவன் குனிந்து, விட்ட நூலை மறுபடி எடுத்தார்.

அங்காயி கஞ்சிக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவர் அருகே வந்தாள்.

"எங்க பையன் மணிவேலு ரெண்டு வருசத்துக்கு முன்னாடி மாமன் வீட்டுக்குப் போனான்ல, ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது."

"மாமன் வீடுமில்ல, ஒண்ணுமில்ல. உங்களுக்கு அத்தை வீடு கெடச்சுது, எங்களுக்கு மாமன் வீடு. உள்ளதான் படுத்துக் கெடந்தான். பேச்சில்ல, சோறில்ல. ஒரு நாள் ஆத்து மடுவுக்குப் போனவனைச் செங்கோடண்ணன்தான் கையப் பிடிச்சுக் கூட்டியாந்தாரு."

செங்கோடன் வேறு பக்கம் பார்த்தார்.

வாசலில் நல்லாயி வந்து நின்றாள். இரு உள்ளங்கைகளும் கன்றியிருந்தன. அவளுக்குப் பின்னால், கதவைப் பிடித்தபடி தெய்வானை.

"மணியண்ணனா?" என்றாள் தெய்வானை. மூன்று மாதத்தில் அவள் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது. "அது எப்பவும் சிரிச்சிட்டே இருக்குமே."

"இப்பச் சிரிக்கறான் கண்ணு. அப்ப அவன் மூஞ்சிய நீ பாத்திருக்கணும். நானே பாக்க முடியாமத் திரும்பிக்குவேன்."

"எனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சேன்."

"அவனும் அதையேதான் சொன்னான்."

தெய்வானை தாயின் கைகளைப் பார்த்தாள்.

"அம்மா அடிக்கறப்பல்லாம், என்னை ஒளிச்சு வெக்கத்தான் அடிக்குதுன்னு தோணும். நிறுத்தச் சொன்னா அழுவும். அதான் பேசாம இருந்தேன்."

நல்லாயி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அங்காயி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அறுபது முழப் பாவில் ஓர் இடம் பிடிப்பாரற்றுத் தொய்ந்தது. செங்கோடன் எட்டிப் பிடித்தார்.

இந்த இடத்தில் அக்கரைச் சொல்வழி நின்றுவிடுகிறது. பாவடித் தெருவார் மேலும் சொல்கிறார்கள்.

ஆற்றுக்கு அக்கரையில் ஒரு மருத்துவச்சி இருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் இந்த வயதுப் பிள்ளைகளை ஒரு புளியமரத்தடியில் கூட்டி உட்கார வைத்துப் பேச விடுவாள். மருந்து வேண்டியவர்களுக்கு மருந்தும் உண்டு. பெற்றவர்களை மரத்தின் மறுபக்கம் தனியே அழைத்து, "நீங்கள் தூங்குகிறீர்களா?" என்று கேட்பாள்.

"மொதல்ல அதைத்தான் கேப்பாங்க" என்றாள் அங்காயி. "நான் அங்கதான் நல்லா அழுதேன். மணிவேலு இன்னும் வெள்ளிதோறும் வண்டி கட்டிட்டுப் போறான். வரவங்களைக் கூட்டிட்டுப் போறான். நீ வரியா கண்ணு?"

"அம்மாவும் வரட்டும்" என்றாள் தெய்வானை.

வெயில் ஏறுவதற்குள் பாவு உலர்ந்தது. சுருட்டித் தாண்டவன் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு எல்லோரும் கலைந்தார்கள். தாண்டவன் மட்டும் குருவோடு மடத்துக்கு நடந்தார்.

"உங்களுக்கும் தெரியுமா சாமி?"

"தெரியும்."

"நான் தெனமும் வந்தேனே. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நீங்களே வாய் திறக்கட்டும் என்று இருந்துவிட்டேன். ஒரு மாதம் அப்படி இருந்தது என் பிழை."

தன் பிழை என்று குரு சொல்லித் தாண்டவன் அதுவரை கேட்டதில்லை. மடத்து வாசலில் நின்றார்.

"புள்ளை தேறிருவாளா சாமி?"

"எனக்குத் தெரியாது தாண்டவரே. வெள்ளிக்கிழமை வண்டியில் எனக்கும் ஓர் இடம் வையுங்கள்."