வேண்டாம் என்ற ஓட்டு

“நான் கட்டுன கம்பெனி. அதுல என்னையே ஓட்டுப் போடாதேங்கறாங்க. இது என்ன நியாயமுங்க, டீச்சர்?”

கேட்டவர் நாச்சிமுத்து. கோவையில் முப்பது வருடமாகப் பம்பு செட் செய்கிறவர். லாபம் குறைந்ததில்லை. ஆனாலும், அதே பம்பு செய்யும் மற்ற கம்பெனிகளின் பங்கு விற்கிற விலையில் பாதிதான் அவருடைய பங்குக்கு. ஏன் என்று அவருக்கு விளங்கவே இல்லை.

டீச்சர் என்றது மெஹருன்னிசாவை. கல்லூரியில் கம்பெனிச் சட்டம் நடத்துகிறவர். நாச்சிமுத்துவைவிட இருபது வயது இளையவர். வெளியாள் ஒருவர் இயக்குநராக இருந்தே ஆகவேண்டும் என்று புதிய விதி வந்ததால் உள்ளே வந்தவர்.

“நம்ம குடோன் யாரோடது?”

“என் மச்சினனோடதுங்க.”

“வாடகை?”

“ஊர் வாடகையைவிடக் கொஞ்சம் கூடத்தான். சொந்தக்காரனுக்குத்தானுங்களே போகுது?”

“யாருக்குச் சொந்தக்காரர்?”



பங்குதாரர்களின் ஆண்டுக் கூட்டத்தில் குடோன் வாடகை ஒப்பந்தம் ஓட்டுக்கு வந்தது. முதலாளியின் உறவுக்காரரோடு கம்பெனி ஒப்பந்தம் போட்டால், மற்ற பங்குதாரர்கள்தான் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் புதிய விதி.

“இப்ப மேடையில உங்களுக்கு வேலை இல்லை. கீழே போய் உட்காருங்க” என்றார் மெஹருன்னிசா.

“எங்கீங்க?”

அவர் கடைசி வரிசையைக் காட்டினார்.

அத்தனை பேர் பார்க்க நாச்சிமுத்து இறங்கிப் போனார். காது சுட்டது. காலியாக இருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள். பெயர் பூவாத்தாள். சூலூரில் தையல் கடையும், இந்தக் கம்பெனியில் கொஞ்சம் பங்கும் வைத்திருப்பவர்.

“நீங்கதானுங்களே முதலாளி?”

“ஆமாங்க.”

பூவாத்தாள் ஓட்டுச் சீட்டில் குறி போட்டார். மறைக்கவில்லை.

எண்ணி முடித்து மெஹருன்னிசா மைக்கில் சொன்னார். ஒப்பந்தம் நிராகரிக்கப்பட்டது.

முப்பது வருடத்தில் நாச்சிமுத்து கேட்டது ஒன்று கிடைக்காமல் போனது அன்றுதான்.

“நீங்களும் வேண்டாம்னுதான் போட்டீங்க” என்றார் பூவாத்தாளிடம்.

“ஆமாங்க.”

“அப்ப ஷேரையும் வித்துருவீங்க.”

“பத்து வருசமா விக்கோணும் விக்கோணும்னுதான் இருந்தேன். இனி விக்கறதா இல்லீங்க. இன்னும் கொஞ்சம் வாங்கலாம்னு இருக்கறேன்.”

நாச்சிமுத்து அவரைத் திரும்பிப் பார்த்தார். “காலையில இருந்த அதே கம்பெனிதானுங்களே? அதே பம்புதானுங்களே? நான் தோத்ததுல அதுக்கு என்ன மதிப்பு கூடிருச்சு?”

“நான் வேண்டாம்னு சொன்னேன். அந்த ஒப்பந்தம் நின்னுபோச்சுங்களே. இனி எங்களைக் கேக்காம எங்க காசை எடுக்க முடியாதுங்களே.”

நாச்சிமுத்து மேடையைப் பார்த்தார். மெஹருன்னிசா அடுத்த தீர்மானத்தைப் படித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

 நாச்சிமுத்து எழுந்து பூவாத்தாளுக்கு முன்னால் கை கூப்பினார்.

“ரொம்ப நன்றிங்கம்மா.”

அவர் பதறிப்போய் எழுந்தார். “ஐயோ, எனக்கு எதுக்குங்க?”

“பத்து வருசம் விக்காம இருந்ததுக்கு.”