பத்தாயிரமாவது கிலோமீட்டர்

கொம்பையா தூத்துக்குடி உப்பளத்தில் முப்பத்துநான்கு வருஷம் மூட்டை எண்ணியவர். வேலையிலிருந்து ஓய்வு வந்தது. எண்ணும் பழக்கத்துக்கு வரவில்லை.

ஐம்பதாவது வயதில் ஓட ஆரம்பித்தார். ஓடிய கிலோமீட்டர்களைக் கோடு போட்ட நோட்டில் எழுதினார். பதினோரு வருஷத்தில் ஒரு ஓட்டம்கூட எழுதாமல் விட்டதில்லை.

முதலில் குதிகால் போயிற்று. ஆறு மாதத்தில் கணைக்கால் எலும்பில் மயிரிழை விரிசல். அது ஆறியதும் இடது முழங்கால்.

மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நடங்க. சைக்கிள் மிதிங்க. நீந்துங்க. ஓடாதீங்க. இன்னும் ஒரு நீள ஓட்டம் ஓடினா முழங்காலையே மாத்த வேண்டி வரும். அப்புறம் சைக்கிளும் இல்ல."

அன்று நோட்டில் இருந்த எண் 9,640.

அவரோடு தினமும் கடற்கரைச் சாலையில் ஓடியவர்கள் இரண்டு பேர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய லூர்தையா. பாத்திரக்கடை வைத்திருக்கும் சம்சுதீன். எப்போதும் கொம்பையா முன்னால் போவார். சம்சுதீன் கடைசியில் வருவார். "நீ வாரதுக்குள்ள டீ ஆறிப்போயிரும் சம்சு" என்று பதினோரு வருஷமும் கொம்பையா சொல்லியிருக்கிறார்.

அவர் ஓட்டத்தை நிறுத்திய வாரத்தில் இரண்டு பேரும் ஆளுக்கொரு சைக்கிளோடு அவர் வீட்டு வாசலில் நின்றார்கள்.

"நீங்க எதுக்கு வே ஓட்டத்த விடணும்?" என்றார் கொம்பையா.

"நாங்க மட்டும் ஓடினா எங்கள ஏச ஆள் வேண்டாமா?" என்றார் லூர்தையா. "சைக்கிள எடும்."

நீச்சல் கற்றுக்கொள்ள மூவரும் இருதயமேரியிடம் போனார்கள். அவருக்கு நாற்பத்தாறு வயது. சங்கு குளித்த குடும்பம். காலையில் கடலில் இறங்கி, வருகிறவர்களுக்கு நீந்தவும் மூச்சுப் பிடிக்கவும் சொல்லிக்கொடுப்பார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். வயதில் மூத்த கொம்பையாவுக்கும் மாஸ்டர்.

ஒருநாள் மூவரும் திருச்செந்தூர் சாலையில் முப்பத்தாறு கிலோமீட்டர் மிதித்துவிட்டுக் கடற்கரைக்கு வந்தார்கள்.

"இன்னைக்கு எவ்வளவு அண்ணாச்சி?" என்றார் மாஸ்டர்.

"ஒன்பது."

"முப்பத்தாறு இல்லையா?"

"நாலு கிலோமீட்டர் சைக்கிளுக்கு ஒரு கிலோமீட்டர் ஓட்டம் மாஸ்டர். அப்படித்தான் எழுதுறேன்."

"கடலுக்கு?"

"ஒண்ணு நீந்தினா நாலு ஓட்டம்."

"கச்சான் காத்து எதிர்ல அடிச்சா?"

கொம்பையா யோசித்தார். அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

லூர்தையா மணலில் உட்கார்ந்து சிரித்தார். "பாத்தியளா மாஸ்டர்? இவரு சைக்கிள் சீட்டுல உக்காந்தும் ஓடிக்கிட்டுத்தான் இருக்காரு."

மாஸ்டர் சிரிக்கவில்லை.

அன்று மற்ற இருவரும் போன பிறகு கொம்பையா இடுப்பளவு தண்ணீரில் நின்றார். கேட்கக் கூச்சமாக இருந்தது. அதனால் கடலைப் பார்த்துக் கேட்டார்.

"மாஸ்டர், நான் மறுபடியும் எப்ப ஓடுவேன்?"

"எங்க தாத்தா சங்கு குளிச்சவர்" என்றார் மாஸ்டர். "முப்பத்தெட்டு வயசுல காதுச் சவ்வு கிழிஞ்சிருச்சு. அதுக்கப்புறம் அடியில இறங்க முடியல."

"மறுபடி இறங்கவே இல்லையா?"

"இல்ல."

"பிறகு என்ன செஞ்சாரு?"

"தோணியில உக்காந்து கயிறு பிடிச்சாரு. ஆள் உள்ள போனதும் எண்ண ஆரம்பிப்பாரு. எண்பது வரைக்கும் எண்ணுவாரு. அதுக்குள்ள கீழேயிருந்து அசைவு வரலைன்னா இழுத்திருவாரு. எழுபத்தொன்பதுலயும் இழுக்க மாட்டாரு, எண்பத்தொண்ணுலயும் இழுக்க மாட்டாரு. அவரு கயித்துலதான் இறங்குவோம்னு ஆளுங்க சண்டை போடுவாங்க."

கொம்பையா கடலிலிருந்து மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"அது சங்கு குளிக்கிறது ஆகுமா மாஸ்டர்?"

"முழங்கால மடக்காம உதைங்க அண்ணாச்சி. நேத்தும் மடக்குனீங்க."

எட்டு மாதம் போயிற்று. ஆடி மாதத்தில் கடற்கரையில் ஒரு பந்தயம் அறிவித்தார்கள். ஒன்றரைக் கிலோமீட்டர் நீச்சல், நாற்பது சைக்கிள், பத்து ஓட்டம். தனி ஆளாகவும் போகலாம். மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டும் போகலாம். மாஸ்டர்தான் பங்கைப் பிரித்தார். கடல் லூர்தையாவுக்கு. சைக்கிள் கொம்பையாவுக்கு. ஓட்டம் சம்சுதீனுக்கு.

அன்று காலை நோட்டில் 9,980 இருந்தது. சைக்கிள் நாற்பதுக்குப் பத்து. ஆக 9,990. பத்தாயிரத்துக்கு மிச்சம் இருப்பது பத்து. அந்தப் பத்தும் காலால் வரவேண்டும் என்று கொம்பையா முடிவு செய்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வாரமாக உப்பளத்துப் பாதையில் தனியாக ஓடிப் பார்த்திருந்தார். முந்நூறு அடி. பிறகு அறுநூறு அடி. இரண்டு தடவையும் முழங்கால் வீங்கியது. அதற்குப் பிறகு அரைக்கால் சட்டை போடாமல் முழுக்கால் சட்டையோடு வந்தார்.

பந்தயத்தன்று விடியலில், சைக்கிள் நிறுத்தும் இடத்தில், தன் ஓட்டக் காலணியைத் துண்டில் சுற்றி வைத்தார். மாஸ்டர் அந்தப் பக்கமாக வந்தார். துண்டைப் பார்த்தார். கொம்பையாவின் முழங்காலைப் பார்த்தார். லூர்தையா இருந்த கடல் பக்கம் போனார்.

அந்தப் பந்தயத்தில் கணுக்காலில் ஒரு பட்டை கட்டுவார்கள். கோட்டைத் தாண்டும்போது அது நேரத்தைக் குறித்துக்கொள்ளும். மூன்று பேர் சேர்ந்து போனாலும் பட்டை ஒன்றுதான். முடித்தவர் தன் காலிலிருந்து அவிழ்த்து, அடுத்தவர் காலில் தன் கையாலேயே கட்டவேண்டும். அவிழ்க்காமல் அவரே தொடர்ந்து போனாலும் தடுப்பதற்கு விதி இல்லை. கொம்பையா அதைக் கேட்டு வைத்திருந்தார்.

லூர்தையா நாற்பத்தொரு நிமிடத்தில் கரையேறினார். மூச்சிரைக்கக் குனிந்து கொம்பையாவின் இடது கணுக்காலில் பட்டையைக் கட்டினார்.

"போம் வே" என்றார்.

கொம்பையா மிதித்தார். இருபுறமும் ஓலை மூடிய உப்பு அம்பாரங்கள். போகும்போது காற்று முதுகில் அடித்தது. திரும்பும்போது எதிரில் அடித்தது. ஒரு மணி இருபத்துநாலு நிமிடத்தில் முடித்தார். அத்தனை வேகமாக அவர் மிதித்ததே இல்லை. ஆனால் அவர் மனதில் அந்த நாற்பது இல்லை. அடுத்த பத்துதான் இருந்தது.

சைக்கிளை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து துண்டைப் பிரித்தார்.

சம்சுதீன் பக்கத்தில் நின்றார். காலணியைப் பார்த்தார்.

"ஓடப் போறீங்களா அண்ணே?"

"பத்துதான் பாக்கி சம்சு."

"தெரியும். ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. நோட்டைப் பாத்துட்டு லூர்து சொன்னான்."

கொம்பையா நிமிரவில்லை.

"ஓடுங்க அண்ணே" என்றார் சம்சுதீன். "நான் கூடவே வாரேன். பாதியில முட்டி மடங்கிச்சுன்னா தூக்கிட்டு வர ஆள் வேணும்ல."

கொம்பையா ஒரு காலணியைக் கையில் எடுத்தார். அப்போது சம்சுதீனின் கால்கள் கண்ணுக்கு நேராக இருந்தன. காலணிக் கயிற்றை இரண்டு முடிச்சுப் போட்டு நுனியை உள்ளே செருகியிருந்தார். அப்படிச் செருகக் கற்றுக்கொடுத்தவர் கொம்பையா. வலது காலுறையை மேலே இழுத்து விட்டிருந்தார். இடது காலுறையை மட்டும் கணுக்கால் தெரிய மடித்து விட்டிருந்தார். பட்டைக்கு இடம் விட்டு, ஒழுங்காக, இரண்டு மடிப்பு.

எவ்வளவு நேரமாக இப்படி மடித்துவிட்டு நிற்கிறான் என்று கொம்பையா நினைத்தார். இந்தக் காலோடு நின்றுகொண்டுதான் ஓடுங்கள் என்று சொன்னான்.

காலணியைக் கீழே வைத்தார். இடது முழங்காலைத் தரையில் ஊன்றினார். சரளைக்கல் குத்தியது. தன் காலில் இருந்த பட்டையை அவிழ்த்தார். சம்சுதீனின் காலில் கட்டினார். ஒருதடவை கட்டி, சரியில்லை என்று பிரித்து, மறுபடி கட்டினார்.

"இறுக்கமா இருக்கா?"

"சரியா இருக்கு அண்ணே."

"முதல் ரெண்டு கிலோமீட்டர் மெதுவாப் போ."

"நான் என்னைக்கு வேகமாப் போயிருக்கேன்?"

சம்சுதீன் ஓடினார். கொம்பையா கைக்கடிகாரத்தில் பித்தானை அழுத்தினார். அழுத்த வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. விரல் அழுத்தியது.

பிறகு எழுந்திருக்க முடியவில்லை. மாஸ்டர் வந்து கை கொடுத்தார். இரண்டு பேரும் சைக்கிளுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார்கள். சாலை நேராகப் போய்க் கலங்கரை விளக்கத்தருகே திரும்புகிறது. சம்சுதீனின் சிவப்புச் சட்டை அந்தத் திருப்பத்தில் சின்னப் புள்ளியாகத் தெரிந்து மறைந்தது.

"9,990" என்றார் கொம்பையா. "இனி அப்படியே நிக்கும்."

மாஸ்டர் ஓட்டக் காலணியை எடுத்துத் துண்டில் சுற்றி வைத்தார்.

"மாஸ்டர்."

"சொல்லுங்க."

"உங்க தாத்தா கயிறு பிடிச்சுக்கிட்டு இருந்தாருல்ல. தானும் கடலுக்கு அடியில இருக்கிற மாதிரி இருந்துச்சா அவருக்கு? எப்பவாவது சொல்லியிருக்காரா?"

"நான் சின்னதுல தோணியில உக்காந்து கேட்டிருக்கேன் அண்ணாச்சி. அவரு வாயே திறக்க மாட்டாரு. ஆள் மேல வந்தப்புறம் சொன்னாரு: பேசினா எண்ணிக்கை தப்பிரும்."

கொம்பையா இன்னொன்று கேட்க வாயெடுத்தார். மூடிக்கொண்டார். கடிகாரத்தைப் பார்த்தார்.

சம்சுதீன் போய் நாலு நிமிடம், பன்னிரண்டு விநாடி.