வடகிழக்கு மூலைக்கல்

ஆவுடையப்பன் கொண்டுவந்த மனுவில் அநியாயங்கள் வரிசையாக இருந்தன. வரிசை தப்பினால் நியாயமும் தப்பிவிடும் என்பது நாற்பது வருஷம் மனு எழுதியதில் அவருக்கு வந்த நம்பிக்கை.

ஒன்று. தையல்காரத் தெரு வாடகை வீட்டில் அவருடைய தாயார் இறந்தபோது, பிணத்தை உள்ளே கிடத்தக் கூடாது என்றார் வீட்டுக்காரர். தெருவில் கிடத்தினார்கள்.

இரண்டு. அடுத்துக் குடிபோன வீட்டில், வாசலில் கட்சிக் கொடி கட்டியதற்காகச் சாமான்களைத் தூக்கி வெளியே வைத்தார்கள்.

மூன்று. அறுபதாவது வயதில் முதல்முதலாகச் சொந்த மனை வாங்கப் போனால், புரோக்கர் வேலியைக் காட்டி இதுதான் எல்லை என்றான். பதிவு முடிந்து அளந்து பார்த்தால், பத்திரத்தில் இருந்த அகலம் தரையில் இல்லை. மூன்றடி குறைந்தது.

நான்கு. பக்கத்து மனைக்காரன் கொம்பையா வடகிழக்கு மூலைக்கல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வேலியை மூன்றடி இவர் மனைக்குள்ளே தள்ளிப் போட்டிருக்கிறான்.

சர்வேயர் பிலோமினா நாலாவதை மட்டும் இரண்டு முறை படித்தார். ஆவுடையப்பனை விட இருபது வயது இளையவர்.

"பிடுங்குனதைப் பாத்தீங்களா அண்ணாச்சி?"

"வேற எவன் பிடுங்குவான்?"

அந்த மூன்றடி எதற்கு என்று பிலோமினா கேட்கவில்லை. ஆவுடையப்பனாகவே சொன்னார். அது போனால் வாசலுக்கு மிஞ்சுவது இரண்டடிச் சந்து. ஆள் ஒருக்களித்து நுழையலாம். பாடை வெளியே வராது. மனைவி சொர்ணம் மாடி வீடு கேட்கவில்லை. சொந்த வாசல் வழியாக நாலு பேர் தூக்கிப் போகிற சாவு ஒன்றைக் கேட்டாள்.

பிலோமினா அந்த இடத்தின் புலப்படத்தை, பழைய சர்வே வரைபடத்தை, விரித்தார்.

"படிங்க."

கோடுகள், எண்கள், மூலைக்கு மூலை சின்ன வட்டங்கள். துண்டுப் பிரசுரம் படித்தே உலகத்தைத் தெரிந்துகொண்டவர் அதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். ஜனங்களுக்குப் புரியக் கூடாது என்றே இதை வரைகிறார்கள் என்றார்.

பிறகு குரலை இறக்கி, கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

"அளவுச் சங்கிலி பிடிக்க ஆளில்லை. வாங்க."

போனார்.

ஒரு மூலை எங்கே என்று குறிக்க வேண்டுமானால், அசையாமல் நிற்கிற கல் ஒன்று எங்கேயாவது கிடைக்க வேண்டும். அதைத் தேடி அளந்தார்கள். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சங்கிலியை இழுக்கச் சொல்வார் பிலோமினா. அது முடிகிற இடத்தில் தோண்டச் சொல்வார்.

முதல் நாள் குழிகளில் கல் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. ஐந்தாம் நாள் ஆவுடையப்பன் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு, கொம்பையா ஊரையே விழுங்கியிருக்கிறான் என்றார்.

"அவ்வளவு பெரிய வயிறா அவருக்கு?"

ஆறாம் நாள் பிலோமினா படத்தையும் ஒரு சிவப்புப் பென்சிலையும் அவரிடம் கொடுத்தார். கல் இல்லாத இடத்தில் எல்லாம் புள்ளி வைக்கச் சொன்னார்.

இப்போது ஆவுடையப்பனுக்குக் கை ஓடியது. வட்டம் என்றால் கல். கோடு என்றால் அவர் இழுத்த சங்கிலி. எண் என்றால் அவருடைய தோள்வலி. மதகடியில் தொடங்கினார். புள்ளிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போயின. கண்மாய்க் கரையோடு வளைந்தன. இருபத்துமூன்றாவது புள்ளி அவருடைய மனையின் வடகிழக்கு மூலையில் விழுந்தது.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த வளைவில் அவர் நடந்திருக்கிறார்.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் இங்கே மனைகள் இல்லை. மானாவாரிக் காடு. கம்பெனிக்கு நிலம் எடுக்கக் கல் நட்டார்கள். ஒரு காலையில் முந்நூறு பேர் கடப்பாரையோடு புறப்பட்டார்கள். முன்னால் போனவர் இவர். கண்ணில் பட்ட கல்லையெல்லாம் பிடுங்கிக் கண்மாயில் எறிந்தார்கள். கம்பெனிக் கல் புதுசு, வெள்ளை. நடுநடுவே பாசி ஏறிய கறுப்புக் கல்லும் வந்தது. அது ஊரின் சொந்த எல்லைக்கல் என்று ஒருவரும் நின்று பார்க்கவில்லை. இவர் பார்க்க விடவில்லை.

கம்பெனி ஓடியது. வெற்றி என்று நோட்டீஸ் அடித்தார்கள். எழுதியவரும் இவர்தான். பிறகு புரோக்கர்கள் வந்தார்கள். எல்லை காட்ட முடியாத காட்டில் அவர்கள் போட்டதே வேலி. அதற்கு யாரும் நோட்டீஸ் அடிக்கவில்லை.

"படிச்சிட்டீங்களா?" என்றார் பிலோமினா.

ஆவுடையப்பன் எழுந்து குழிகளை மூடப் போனார்.

மறுநாள் மனையில் விசாரணை. கிராம அலுவலர் வந்தார். சுற்று மனைக்காரர்கள் மூன்று பேர் சாட்சிகளாக வந்தார்கள். மூவரும் அந்த ஊரின் பழைய ஆட்கள். கொம்பையா வேலி ஓரம் நின்றான். சொர்ணம் சந்தின் வாயில் நின்றாள்.

பிலோமினா நிலவரத்தைச் சொன்னார். கல்லைப் பிடுங்கியது கொம்பையா என்று வாக்குமூலம் ஆனால், இன்றைக்கே வேலி பிரியும், மூன்றடி ஆவுடையப்பனுக்கு வரும், கொம்பையா மேல் கேஸ் போகும். இல்லையென்றால் வேலி நிற்கும். இருவரும் கோர்ட்டுக்குப் போய்க்கொள்ளலாம். கோர்ட்டு எத்தனை வருஷம் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

கொம்பையாவிடம் திரும்பினார்.

"கல்லைப் பிடுங்குனது யாரு?"

"தெரியாதும்மா."

"மனுவில உங்க பேரு இருக்கு."

"இருக்கட்டும். கம்பெனிக்காரன் புகார் கொடுத்தப்போ ஸ்டேஷன்ல மூணு நாள் வச்சு அடிச்சுக் கேட்டாங்க. அப்பவும் தெரியாதுன்னுதான் சொன்னேன்."

சொல்லும்போது அவன் ஆவுடையப்பனைப் பார்க்கவில்லை. சாட்சிகள் மூவரும் தரையைப் பார்த்தார்கள்.

ஆவுடையப்பன் ஸ்டேஷனுக்குப் போனதில்லை. அன்று அவரை மதுரைக்கு அனுப்பி வைத்திருந்தார்கள். தலைவர் பிடிபடக் கூடாது என்றார்கள். அவருக்குப் பதிலாக யாரைப் பிடித்தார்கள் என்று அவர் கேட்டதே இல்லை.

பிலோமினா வாக்குமூலத் தாளை அவரிடம் நீட்டினார். கல்லைப் பிடுங்கியவர் பெயருக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது.

"மனுதாரர் நீங்க. நீங்களே எழுதுங்க."

அவர் சொர்ணத்தைப் பார்த்தார். அவள் சந்தை இரண்டு கையாலும் அளந்துகொண்டிருந்தாள். கைகளை இறக்கினாள்.

"எழுதுங்க. வெயில் ஏறுது."

எழுதினார். தகப்பனார் பெயரையும் சேர்த்தார்.

சாட்சிகள் முன்னால் உரக்கப் படிக்க வேண்டும். பிலோமினா தாளை வாங்கிப் படித்தார்.

"வடகிழக்கு மூலைக்கல்லைப் பிடுங்கியவர், சண்முகவேல் மகன் ஆவுடையப்பன்."