நடுவில் நின்ற உருளாயி

ஒரே ஒரு பந்துக்காகப் பத்துப் பேர் முட்டி மோதுகிற இடத்தில் போய் நில்லுங்கள் என்று உங்களை யாராவது அனுப்பினால், வேகமான காலைக் கேட்பீர்களா, பலமான தோளைக் கேட்பீர்களா?

ஆஸ்திரேலியாவில் ஒரு தைலமரக் காடு. காட்டின் நடுவில் ஒரு குளம். குளத்துக்குக் கிழக்கே வாழ்ந்த மிருகங்கள் எல்லாம் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் கொஞ்ச நாளாக ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு திரிந்தன.

காரணம் இருந்தது. கோடையில் அந்தக் குளத்துத் தண்ணீர் இரண்டு கரைக்கும் போதாது. அதனால் மழைக்காலம் முடிந்ததும் கிழக்கரையும் மேற்கரையும் ஒரு நாள் பந்து விளையாடும். ஜெயித்த கரைக்குக் கோடை முழுவதும் குளம். தோற்ற கரை, மலையைத் தாண்டி அந்தப் பக்கம் கிடக்கிற உப்புக் குட்டைக்குப் போக வேண்டும். போன வருஷம் தோற்றது கிழக்கரை.

அந்தக் கரையில்தான் உருளாயி இருந்தாள். அவள் ஒரு வாம்பட். வாம்பட் பார்த்ததில்லையா? கரடிக்குட்டியைப் பெருச்சாளியின் காலில் நிறுத்தினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். மண்ணில் வளை தோண்டி வாழும். கங்காருவைப் போலவே குட்டியை வயிற்றுப் பையில் வைத்து வளர்க்கும்.

போன கோடையில் உருளாயியின் குட்டி பைக்குள் இருந்தது. சுமந்துகொண்டே மலையேறிவிட்டாள். இந்த வருஷம் குட்டி வளர்ந்துவிட்டது. பைக்குள் அடங்காது. ஆனால் வெயிலில் சுடுகிற பாறையில் மலையேறுகிற அளவுக்குக் காலும் வளரவில்லை. தூக்கவும் முடியாது, நடத்தவும் முடியாது. "இந்தக் கோடை நமக்கு இந்தக் குளம்தான். வேற பேச்சே இல்ல" என்று குட்டியிடம் சொல்லி வைத்திருந்தாள்.

இனி ஆட்டத்தைச் சொல்கிறேன். பந்து முட்டை வடிவத்தில் இருக்கும், மரப்பட்டையில் பின்னியது. காலால் உதைக்கலாம். கையில் வைத்து முஷ்டியால் குத்திக் கொடுக்கலாம். வீசக் கூடாது. பந்தோடு பிடிபட்டால் உடனே கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தால் பந்து எதிராளிக்குப் போய்விடும். மைதானத்தின் கோடியில் நிற்கிற இரண்டு மரங்களுக்கு நடுவே உதைத்தால் கோல். நடுவரான கூழைக்கடா மைதானத்தின் மத்தியில் பந்தைத் தரையில் ஓங்கி அடித்து ஆட்டத்தைத் தொடங்கி வைப்பார். அது எந்தப் பக்கம் துள்ளும் என்று பந்துக்கே தெரியாது. அந்த இடத்தில் நிற்கிறவர்தான் நடு ஆள். அவர் சொதப்பினால் மற்றவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

கிழக்கரைக்குத் தலைவர் சிலும்பன் என்கிற கொண்டைக்கிளி. கோபம் வந்தால் அவருடைய மஞ்சள் கொண்டை விசிறி மாதிரி விரியும். போன வருஷம் மேற்கரையின் ஈமுக்கோழி நெட்டையன் ஓடிய ஓட்டத்தை அவரால் மறக்க முடியவில்லை.

"வேகத்துக்கு வேகம்தான் மருந்து" என்று அறிவித்தார். விழுந்து கிடந்த கட்டையிலிருந்து கறையான் புற்று வரை ஓட்டப்பந்தயம் வைத்தார். தாவன் என்கிற இளம் கங்காரு, மற்றவர்கள் பாதி தூரம் வருவதற்குள் புற்றைத் தொட்டுவிட்டுப் புல் மேய ஆரம்பித்துவிட்டான். உருளாயி கடைசியாக வந்து சேர்ந்தாள்.

"பாத்துக்கிட்டீங்களா? நடுவுல தாவன்தான்" என்றார் சிலும்பன்.

"அண்ணே, ஒரு வார்த்தை" என்றாள் உருளாயி, மூச்சு வாங்கிக்கொண்டே. "நீங்க வெச்ச பந்தயத்துல வழி நேரா இருந்துச்சு. எதிர்ல ஒருத்தரும் இல்ல. ஆட்டத்து நடுவுல அப்படி ஒரு வழி எங்க இருக்கு?"

"தோத்தவங்க எல்லாரும் வழியத்தான் குத்தம் சொல்வாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். உருளாயி சிரிக்கவில்லை. நேராக அந்தக் கட்டையிடம் போனாள். முதுகைக் கொடுத்து ஒரு தள்ளு. கட்டை உருண்டு போய்க் குளத்தில் விழுந்து, முன்வரிசையில் நின்றவர்களை நனைத்தது.

"இப்ப தாவனத் தள்ளச் சொல்லுங்க" என்றாள்.

தாவன் இன்னொரு கட்டையைத் தேடுகிற மாதிரி மெதுவாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவ்வளவுதான். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர் "வேகம்" என்றார்கள். பாதிப் பேர் "பலம்" என்றார்கள். அண்ணன் தம்பி பேசிக்கொள்ளவில்லை. ஒரே மரத்தில் தூங்கியவர்கள் வேறு வேறு மரத்துக்குப் போனார்கள்.

சிலும்பன் மட்டும் அசையவில்லை. "நாம என்ன கட்டை தள்ளவா போறோம்? உருளாயி, நீ ஓரத்துல இரு. யாருக்காவது கால் சுளுக்கினா கூப்பிடறேன்."

"என்னை நடுவுல விடுங்க அண்ணே."

"உன் காலப் பாரும்மா. என் அலகு நீளம்கூட இல்ல."

ஆட்ட நாள் வந்தது. உருளாயி குட்டியைக் கொண்டுபோய், கரடிக்குட்டி மாதிரி கிளையைக் கட்டிக்கொண்டு வாழ்கிற கோலாவின் மரத்தடியில் விட்டாள். கோலா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. கடைசியில் கோலா தூங்கியது, குட்டிதான் கோலாவைப் பார்த்துக்கொண்டது.

கூழைக்கடா பந்தை ஓங்கி அடித்தார். தாவன் மின்னல் மாதிரி முதலில் போய்ச் சேர்ந்தான். ஆனால் மேற்கரையில் தடித்த கிழட்டுக் கங்காருக்கள் இரண்டு இருந்தன. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று இடித்தன. தாவனின் கையிலிருந்து பந்து நழுவி அவனுக்குப் பின்னால் துள்ளியது. கங்காருவுக்குப் பின்பக்கமாகத் தாவ வராது, அந்தப் பெரிய வால் விடாது. தாவன் வளைந்து சுற்றி வருவதற்குள் நெட்டையன் பந்தை எடுத்து இறக்கையில் இடுக்கிக்கொண்டு பறந்துவிட்டான். ஈமுவுக்கு இருக்கிற அந்தத் துளி இறக்கையில் எப்படி இடுக்கினான் என்று கேட்காதீர்கள், இடுக்கினான்.

கோல்.

மறுபடியும் அதே கதை. தாவன் முதலில் போவான், இடி வாங்குவான், நெட்டையன் ஓடுவான். பாதி ஆட்டம் முடியும்போது கிழக்கரை இரண்டு கோல் பின்னால் இருந்தது.

"சிலும்பா, உப்புக் குட்டைக்கு வழி ஞாபகம் இருக்கா? இல்ல, நான் கூட வந்து காட்டவா?" என்று நெட்டையன் கழுத்தை நீட்டிக் கேட்டான்.

சிலும்பனின் கொண்டை நனைந்த துணி மாதிரி படுத்துவிட்டது. கிழக்கரை ஆளான ஒரு பாண்டிகூட், அதாவது நீள மூக்கு எலி மாதிரி ஒருவர், இடிபட்டுக் கால் சுளுக்கி உட்கார்ந்திருந்தார்.

உருளாயி ஓரத்திலிருந்து எழுந்தாள். குட்டைக் காலை எட்டிப் போட்டு மைதானத்தின் மத்தியில் போய் நின்றாள்.

"ஏய், உன்ன யாரு கூப்பிட்டா?" என்று கத்தினார் சிலும்பன்.

"கால் சுளுக்கினா கூப்பிடறேன்னு சொன்னீங்கல்ல? சுளுக்கிருச்சு."

"அதுக்கு அவர் நின்ன இடத்துல போய் நில்லு. நடுவுல இருந்து வெளிய வா."

"நான் வெளிய போறதுன்னா எனக்கு ஒரே ஒரு இடம்தான் இருக்கு அண்ணே. அந்த மலை. அங்க என் குட்டியால நடக்க முடியாது. அதனால இங்கயே நிக்கறேன்."

கூழைக்கடா கொட்டாவி விட்டார். "ஆளுங்க எண்ணிக்கை சரியா இருக்கு. எனக்கு அது போதும்" என்று பந்தை ஓங்கி அடித்தார்.

பந்து கோணலாகத் துள்ளியது. கொஞ்ச தூரம்தான். கொஞ்ச தூரம் என்றால் வாம்பட் குடுகுடுவென்று எப்படி ஓடும் என்பதை அதுவரை ஒருவரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. நெட்டையன் முதல் எட்டு வைப்பதற்குள் பந்து உருளாயியின் கையில் இருந்தது.

கிழக்கரை ஆரவாரம் செய்தது. கிழட்டுக் கங்காருக்கள் பாய்ந்து வந்து இடித்தன. உருளாயி அசையவில்லை. பந்தை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிடுங்கிப் பார்த்தார்கள், வரவில்லை. புரட்டிப் பார்த்தார்கள், புரளவில்லை. 'பாத்தீங்களா என் பலத்த' என்று உருளாயி மனதுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோது கூழைக்கடா அலகைத் தட்டினார்.

"விடல. பந்து மேற்கரைக்கு."

நெட்டையன் நிதானமாக எடுத்து, நிதானமாக உதைத்தான். இன்னொரு கோல்.

"பலமாம் பலம்!" என்று சிலும்பன் துள்ளினார். "வெளிய வா உருளாயி."

"வரமாட்டேன்."

"உன்னால ஒரு கோல் போச்சு."

"ஆமா, என்னாலதான் போச்சு. நான் வெளிய வந்துட்டா அது திரும்பி வந்துருமா?"

தாவன் மூச்சு வாங்கிக்கொண்டே அவளிடம் வந்தான். அவன் தோலெல்லாம் சேறு.

"அக்கா, எதுக்கு அதப் போட்டு அப்படிக் கட்டிப்பிடிச்சீங்க? பந்தா, நீங்க பெத்த புள்ளையா அது?"

உருளாயிக்குச் சுருக்கென்றது. சிரிப்பும் வந்தது.

"தம்பி, வளைக்குக் காட்டுநாய் வந்தா நான் என்ன செய்வேன் தெரியுமா? தலைய உள்ள விட்டுட்டு, வாசலப் பின்பக்கத்தால அடைச்சிருவேன். என் பின்பக்கம் பாறை மாதிரி. கடிச்சா நாய்க்குத்தான் பல்லு வலிக்கும். இங்கயும் அதையே செய்யறேன். அவங்களுக்கு முதுகக் காட்டி அடைச்சு நிக்கறேன். நீ இந்தக் கும்பலுக்குள்ள வராத. வெளிய, என் முன்னால ஓடிக்கிட்டே இரு. நின்னு வாங்காத, ஓட ஓட வாங்கு."

"எந்தப் பக்கம் குடுப்பீங்க?"

"என் மூக்கு எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம்."

பந்து துள்ளியது. உருளாயி குடுகுடுவென்று ஓடி எடுத்தாள். சட்டென்று திரும்பி மேற்கரைக்கு முதுகைக் காட்டினாள். இரண்டு கங்காருக்களும் வந்து மோதின. வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மூக்குக்கு நேரே தாவன் வந்தான். முஷ்டியால் ஒரே குத்து. பந்து தாவனிடம் போனது. தாவனுக்கு முன்னால் இப்போது ஒருவரும் இல்லை, ஓட்டப்பந்தய நாளில் இருந்த மாதிரியே ஒரு நேரான வழி.

கோல்.

அடுத்ததும் அப்படியே. நெட்டையன் அவள் முதுகைக் கொத்தினான், உதைத்தான், சுற்றி வரப் பார்த்தான்.

"நகரு மதினி, வழிய விடு" என்றான்.

"பின்னால என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியலியே கொழுந்தனாரே" என்றாள் உருளாயி. முஷ்டி தன் வேலையைச் செய்தது. தாவன் ஓடினான். இன்னொரு கோல். சிறிது நேரத்தில் மேலும் ஒன்று. இரண்டு கரையும் சமம்.

வெயில் சாய்ந்துவிட்டது. "கடைசிப் பந்து" என்றார் கூழைக்கடா.

நெட்டையனுக்கு இப்போது வெறி வந்திருந்தது. இந்த முறை அவன் பந்தைப் பார்க்கவே இல்லை. மைதானத்தின் ஓரத்துக்குப் போய், அங்கிருந்து முழு வேகத்தில் உருளாயியைக் குறிவைத்து ஓடி வந்தான். உருளாயி பந்தை எடுத்துத் திரும்பினாள். அவன் வருகிற சத்தம் தரை வழியாக அவள் காலுக்குத் தெரிந்தது. தாவன் இன்னும் மூக்குக்கு நேரே வரவில்லை. இப்போதே குத்திவிட்டால் பந்து வெறும் இடத்துக்குப் போகும். இடியை வாங்கிக்கொண்டுதான் கொடுக்க வேண்டும்.

மரத்தடியிலிருந்து குட்டி எட்டிப் பார்த்தது. அதற்கு நாக்கு வறண்டிருந்தது.

உருளாயி நகரவில்லை.

நெட்டையன் வந்து மோதினான். அவள் முகம் சேற்றில் புதைந்தது. கண் இருட்டியது. ஆனால் பின்னங்கால் இரண்டும் நின்ற இடத்திலேயே இருந்தன. நெட்டையன்தான் அவள் மேலாகப் பறந்து போய்க் குப்புற விழுந்தான். சேற்றுக்குள்ளிருந்து ஒரு முஷ்டி வந்தது. பந்து எழும்பியது. ஓடி வந்த தாவன் அதை வாங்கிக்கொண்டு போனவன் போனவன்தான். இரண்டு மரங்களுக்கு நடுவே பந்து பறந்தபோது கோலாகூட விழித்துக்கொண்டது.

குளம் கிழக்கரைக்கு.

உருளாயி முதல் வேலையாகக் குட்டியைக் கூட்டிக்கொண்டு தண்ணீருக்குப் போனாள். குட்டி மூக்கு வரை முக்கிக் குடித்தது. அதற்குள் கரையில் பழைய சண்டை மறுபடி தொடங்கிவிட்டது.

"வேகம்தான் ஜெயிச்சது. தாவன நான்தானே எடுத்தேன்!" என்று சிலும்பன் கொண்டையை விரித்தார்.

"பலம்தான் ஜெயிச்சது. உருளாயிய நீங்க எடுக்கவே இல்லையே" என்றது பாதிக் கூட்டம்.

"நான் ஓடினது உண்மை" என்றான் தாவன். "ஆனா முதல் பாதியிலயும் இதே காலாலதான் ஓடினேன். ஓடறதுக்கு வழி இருந்தது அக்காவோட முதுகுக்கு அந்தப் பக்கம்தான்."

சிலும்பன் அலகைத் தேய்த்துக்கொண்டார். பிறகு தண்ணீர் ஓரம் இறங்கி வந்தார். "சரிம்மா, நீயே சொல்லு. பலம்தானே? அடுத்த வருஷம் ஓட்டப்பந்தயம் வேண்டாம். கட்டை உருட்டற போட்டி வெச்சிடலாம்."

உருளாயி குட்டியின் முகத்தில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தாள். அவளுக்கு முதுகு விண் விண் என்று வலித்தது.

"பலத்த நம்பித்தான் அண்ணே நான் ஒரு கோல விட்டேன்" என்றாள். "உங்கள ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்: அடுத்த வருஷம் ஆள் எடுக்கும்போது ஓட்டத்தையும் பாக்காதீங்க, கட்டையையும் உருட்டாதீங்க, இடி விழுந்த பிறகும் நின்ன இடத்த விடாம பந்த மட்டும் கூட இருக்கறவங்களுக்குக் குடுக்கத் தெரிஞ்சவங்க யாருன்னு பாத்து, அவங்கள நடுவுல நிறுத்துங்க."